ரூல் தெரிஞ்சா மட்டும் போதாது: ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம், ரம்மி புதுசா கத்துக்கறவங்களுக்கு

இந்த நாலு ஆட்டத்துக்கும் ரூல் கத்துக்க ஆளுக்கு ஒரு கால் மணி நேரம் போதும். ஆனா ரூல் தெரிஞ்சவங்க எல்லாரும் வீட்ல இருக்கற பெரியம்மாகிட்டயோ தாத்தாகிட்டயோ வரிசையா தோத்துட்டு "அவங்களுக்குக் கை ராசி"ன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ராசியெல்லாம் தாயத்துல வேணா கொஞ்சம் இருக்கும். மத்ததுல எல்லாம் அவங்க எண்ணறாங்க, நாம எண்ணறதில்ல, வித்தியாசம் அவ்வளவுதான். எதை எண்ணணும்னு தெரிஞ்சுட்டா பாதி ஆட்டம் வந்துடும், அதனால ரூலை சுருக்கமா சொல்லிட்டு எண்ற விஷயத்தைத்தான் நான் நீட்டி எழுதப் போறேன்.

உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. இந்த ஆட்டம் எல்லாத்துக்கும் ஊருக்கு ஒரு ரூல், ஏன் தெருவுக்கு ஒரு ரூல். புலி எத்தனை ஆட்டை அடிச்சா ஜெயிச்சது, குழிக்கு 5 காயா 6 காயா, எதுக்கு மறு ஆட்டம் உண்டு, இதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாய் விட்டுப் பேசிடுங்க. ஆட்டத்துல வர்ற சண்டை முக்காவாசி இதனாலதான்.

முதல்ல ஆடுபுலி

இதுலேர்ந்து ஆரம்பிங்கன்னு சொல்வேன், ஏன்னா இதுல அதிர்ஷ்டமே கிடையாது, எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு. பழைய கோயில் மண்டபத்துத் தரையில, கல் திண்ணையில செதுக்கி வச்சிருப்பாங்க பாருங்க, அந்தக் கட்டம்தான். சாக்பீஸ் இருந்தா தரையில வரைஞ்சுக்கலாம்.

வரையறது இப்படி: பெருசா ஒரு முக்கோணம். உச்சியிலேர்ந்து அடிக்கோட்டுக்கு உள்ளே இன்னும் 2 கோடு இழுங்க, இப்ப உச்சியிலேர்ந்து இறங்கற கோடு மொத்தம் 4. அப்புறம் முக்கோணத்துக்குக் குறுக்கால ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு இருக்கற மாதிரி ஒரு நீள் சதுரம், அதுக்கு நடுவுல படுக்கையா ஒரு கோடு. கோடு சேர்ற இடம் எல்லாம் எண்ணிப் பாருங்க, உச்சி 1, நடுவுல வரிசைக்கு 6 வீதம் 3 வரிசை, அடியில 4, மொத்தம் 23 வரணும். வரலைன்னா எங்கயோ ஒரு கோடு விட்டுப் போச்சு.

புலி 3, ஆடு 15. புலிக்குக் கூழாங்கல்லு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை வச்சா போதும். ஆடு ஒன்னு ஒன்னா வைப்பாங்க, ஒவ்வொன்னு வச்சதும் புலி ஒரு நகர்வு. 15ம் இறங்கற வரைக்கும் ஆடு நகரக் கூடாது. புலி பக்கத்துல ஆடு இருந்து, அதுக்கு நேர் பின்னாடி அதே கோட்டுல காலியா இருந்தா தாண்டி வெட்டிடும். மூணு புலியும் நகர முடியாம மாட்டிக்கிட்டா ஆடு ஜெயிச்சது. புலி முதல்ல எங்க நிக்கும்ங்கறதும் ஊருக்கு ஊர் மாறும், பொதுவா உச்சியில ஒன்னு இருக்கும்.

புதுசா ஆடறவங்க எல்லாரும் புலியா இருக்க ஆசைப்படுவாங்க. நீங்க ஆட்டை எடுங்க. கொஞ்ச நாளைக்கு ஆடு மட்டுமே ஆடுங்க, ஆட்டம் அங்கதான் இருக்கு.

ஆட்டுக்காரர் முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, வெட்டவே முடியாத இடம் எதுன்னு. ஒரு கோடு ஒரு புள்ளியைத் தாண்டி நேரா ஓடினாத்தான் அங்க வெட்டு விழும். கோடு அங்கயே முடிஞ்சா புலி தாண்ட வழியே இல்ல. நீள் சதுரத்தோட 4 மூலை, அடிக்கோட்டோட 2 மூலை, உச்சி, இந்த 7 இடத்துல உக்காந்த ஆட்டை எந்தப் புலியாலும் ஒன்னும் பண்ண முடியாது. உச்சியில புலி இருக்கும், அதை விடுங்க, மீதி 6. முதல் 6 ஆடு கண்ணை மூடிக்கிட்டு அங்க போகலாம். அப்புறம் நீள் சதுரத்தோட இடது ஓரத்துல நடுப்புள்ளி இருக்கே, அதுக்கு மேலயும் கீழயும் உங்க ஆடு ஏற்கனவே உக்காந்துட்டதால அதுவும் பத்திரம். வலது ஓரமும் அப்படியே. அடிக்கோட்டுல நடுவுல இருக்கற 2 புள்ளியும் அப்படியே. ஆக 10 ஆட்டை இந்த வரிசைப்படி ஒரு வெட்டு கூட வாங்காம இறக்கிடலாம். நடுவுல புலி வந்து உங்க மூலையில உக்காந்துக்கிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, உக்காரட்டும், அது நல்லதுதான், ஏன்னு அடுத்து சொல்றேன்.

ஒரு புலியை அடைக்க எத்தனை இடம் அடைபடணும்? அதுக்குப் பக்கத்துப் புள்ளி எல்லாம் அடையணும், அதைத் தாண்டிக் குதிக்கிற இடமும் அடையணும். நீள் சதுரத்து மூலையில நிக்கற புலிக்குப் பக்கத்துல 2, குதிக்க 2, மொத்தம் 4 ஆடு போதும். உச்சியில நிக்கற புலிக்குப் பக்கத்துல 4, குதிக்க 4, மொத்தம் 8. நடு வரிசையோட நடுவுல இருக்கற 2 புள்ளியிலயும் அதே 8. கையில இருக்கறது 15தான். புரியுதா, மூணு புலியும் நட்ட நடுவுல திரிஞ்சுட்டு இருந்தா அடைக்க ஆடு பத்தாது, ஓரத்துக்குத் தள்ளினாத்தான் கணக்கு ஒத்து வரும். புலிக்குப் புலி பக்கத்துல நின்னா இன்னும் வசதி, புலி புலியைத் தாண்ட முடியாதே, அது ஒரு ஆட்டோட வேலையைப் பாத்துடும்.

ஒரு ஆடு கூட சாகாம 15ம் இறங்கிட்டா கட்டத்துல 18 காய், காலி இடம் 5தான். ஒவ்வொரு ஆடு செத்தாலும் காலி இடம் ஒன்னு கூடும், அடைக்கற ஆளு ஒன்னு குறையும், ரெண்டு பக்கமும் அடி. மூணு நாலு ஆடு போச்சுன்னா அனேகமா ஆட்டம் போச்சு. 15ம் இறங்கின பிறகு அவசரப்படாதீங்க, ஓரத்துல இருக்கற ஆட்டை ஒவ்வொரு படியா உள்ள நகர்த்தும்போது "இது விட்டுட்டு வந்த இடம் யாருக்குப் பின்னாடி காலியாகுது"ன்னு பாத்துட்டு நகர்த்துங்க. வெட்டு வாங்கறது பெரும்பாலும் நகர்ந்த ஆடு இல்ல, அது முதுகைக் காத்துக்கிட்டு இருந்த பக்கத்து ஆடு.

புலி ஆடறப்ப மேல சொன்னதைத் திருப்பிப் போடுங்க. மூலைக்குப் போகாதீங்க, மூணும் ஒன்னா ஒட்டி நிக்காதீங்க, ஒரே நேரத்துல ரெண்டு ஆட்டை மிரட்டற இடமா பாத்து நில்லுங்க. ஆடு இறங்கிட்டு இருக்கற கட்டத்துல எதிராளியால ஒரு ஓட்டையைத்தான் அடைக்க முடியும், இன்னொன்னு உங்களுக்கு.

(நேபாளத்துல இதோட சொந்தக்கார ஆட்டம் ஒன்னு உண்டு, பாக் சால்னு பேரு, 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. நம்மது நல்லா வந்துட்டா அதையும் ஆடிப் பாருங்க, சதுரக் கட்டம்ங்கறதால கணக்கு முழுசா மாறிடும்.)

பல்லாங்குழி

இதைப் பொம்பளைங்க பொழுதுபோக்குன்னு ஒதுக்கி வச்ச ஆம்பளைங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும், நாலு ஆட்டத்துல கணக்கு அதிகம் கேக்கறது இதுதான். கன்னடத்துல அளகுளி மணே, தெலுங்குல வாமன குண்டலு, மலேசியாவுல சொங்காக்னு இதுக்கு அக்கா தங்கச்சி நிறைய. பலகை இல்லன்னா 14 பேப்பர் கப் வரிசைக்கு 7ன்னு வச்சுக்கோங்க. காய்க்கு சோழியை விடப் புளியங்கொட்டை நல்லது, கைக்குள்ள நிக்கும், தொலைஞ்சாலும் கவலை இல்ல.

நான் சொல்றது குழிக்கு 5 காய், மொத்தம் 70 காய் வச்சு ஆடற முறை. உங்க பக்கத்துல ஏதாவது ஒரு குழியை அள்ளி, வலது பக்கமா ஒன்னு ஒன்னா போட்டுட்டே போய் எதிராளி பக்கமும் சுத்தி வரணும். கையில தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்த குழி காலியா இருந்தா அதைத் தடவிட்டு அதுக்கும் அடுத்த குழியில இருக்கறது எல்லாம் உங்களுக்கு, அதோட ஆட்டம் எதிராளிக்குப் போகும். காலிக்கு அடுத்ததும் காலின்னா ஒன்னும் கிடைக்காது. நடுவுல ஏதாவது குழியில சரியா 4 காய் சேர்ந்தா அது பசு, அந்தக் குழி யாரோடதோ அவங்க எடுத்துக்கலாம்.

இப்ப ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. 14 குழியிலயும் 5 வச்சுட்டு முதல் ஆட்டத்தை எந்தக் குழியிலேர்ந்து வேணாலும் ஆரம்பிச்சுப் பாருங்க. 5 தடவை அள்ளுவீங்க, கடைசியில ஒரு காலிக் குழி வரும், 7 காய் கிடைக்கும். வேற குழியில ஆரம்பிங்க, அதே 7. எல்லாக் குழியும் ஒரே மாதிரி இருக்கறதால இப்படித்தான் ஆகும். அப்ப எங்க ஆரம்பிச்சாலும் ஒன்னுதானான்னா, இல்ல. அந்த 7 காய் எப்பவும் நீங்க ஆரம்பிச்ச குழியிலேர்ந்து 5வது குழியில கிடைக்கும். இடது ஓரத்துலேர்ந்து எண்ணி 1, 2ல ஆரம்பிச்சா உங்க வீட்டுக் காயையே நீங்க எடுக்கறீங்க. 3லேர்ந்து 7 வரைக்கும் எதுல ஆரம்பிச்சாலும் எதிராளி வீட்டுலேர்ந்து எடுக்கறீங்க. எதை எடுக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. குழிக்கு 6 வச்சு ஆடறவங்களுக்கும் முதல் கையில 7தான் கிடைக்கும், ஆனா ரெண்டே அள்ளுல முடிஞ்சிடும், கிடைக்கற குழி நீங்க ஆரம்பிச்சதுக்கு ஒட்டினாப்பல இருக்கற அடுத்த குழி. அதனால அந்த முறையில வலது ஓரக் கடைசிக் குழியில ஆரம்பிச்சாத்தான் எதிராளி வீட்டுல கை வைக்க முடியும்.

முதல் கைக்கு அப்புறம்தான் நிஜ ஆட்டம். முழு சுத்தும் மனசுல ஓட்டிப் பாக்கறது புதுசா ஆடறவங்களுக்கு முடியாத காரியம், அதை முயற்சி பண்ணித் தலைவலி வாங்க வேண்டாம். அதுக்குப் பதிலா ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒன்னு, பலகையில எங்கெல்லாம் ஒரு காலிக் குழியும் அதுக்கு அடுத்து கொழுத்த குழியும் இருக்கு. ரெண்டு, ஒரே அள்ளுல அங்க போய்ச் சேர்ற குழி உங்க பக்கத்துல இருக்கா. கணக்கு சுலபம், குழியில இருக்கற காயோட ஒன்னு கூட்டி அத்தனை குழி தள்ளிப் பாருங்க, அது காலியா இருந்தா அதுக்கு அடுத்தது உங்களுக்கு. உதாரணமா உங்க 2வது குழியில 3 காய். 3, 4, 5ல போட்டு முடிச்சுடுவீங்க, 6 காலி, 7ல எட்டு காய் கிடக்கு, எட்டும் உங்க மடியில. ஒரு குழியில 13 காய் சேர்ந்திருந்தா ஒரு முழு சுத்து வந்து அதே காலிக் குழிகிட்ட நிக்கும், அப்ப அதுக்கு அடுத்த குழி நிச்சயமா உங்களுக்கு. இந்த 13ஐ நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

உங்களால எட்ட முடியலன்னா எதிராளியால எட்ட முடியுமான்னு அதே கணக்கை அவங்க பக்கம் போடுங்க. முடியும்னா, நீங்க போடற காய் அந்தக் காலிக் குழி வழியா போற மாதிரி ஒரு குழியை அள்ளுங்க, ஒரு காய் விழுந்தாலே அது காலி இல்லயே, அவங்க திட்டம் போச்சு.

பசு விஷயத்துல, உங்க பக்கத்துல 3 காய் இருக்கற குழியை அள்ளறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. எதிராளி சுத்தி வர்றப்ப ஒரு காய் போட்டே ஆகணும், 4 ஆயிடும், ஒன்னும் பண்ணாம பசு உங்களுக்கு. அவங்க பக்கத்து 3 காய்க் குழியில நீங்க போடற மாதிரி ஆட்டத்தைத் தவிருங்க.

ஒரு பக்கம் காய் தீர்ந்து ஆட முடியலன்னா அந்த ஆட்டம் முடிஞ்சது, மிச்சம் அந்தந்தப் பக்கத்துக்காரங்களுக்கு. அடுத்த ஆட்டத்துக்கு அவங்கவங்க சம்பாதிச்சதை வச்சுக் குழியை நிரப்பணும். 28 காய்தான் இருக்குன்னா 5 குழி நிரம்பும், 3 காய் கையில, 2 குழி மூடினது மூடினதுதான், அதுல யாரும் போடக் கூடாது. மூடின குழி வந்துட்டா தூரக் கணக்கு எல்லாம் மாறும், 14க்குப் பதிலா 12 குழின்னு நினைச்சு எண்ணணும், முழு சுத்து வர்ற அந்த 13 காயும் 11 ஆயிடும். ஜெயிச்சுட்டு இருக்கறவங்க இங்கதான் அசந்து போயி விடுவாங்க.

தாயம்

இதுல கட்டை உருட்டற கையில பாதி ஆட்டம் போயிடும், அதனால சுருக்கமா. பித்தளைக் கட்டை 2, ஒவ்வொன்னுலயும் 0, 1, 2, 3ன்னு நாலு முகம். ரெண்டும் வெறுமையா விழுந்தா 12, மத்தபடி கூட்டிக்கணும். 1 விழுந்தா தாயம், அது விழுந்தாத்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தா மறுபடி போடலாம்.

ரெண்டு கட்டைக்கும் சேர்த்து மொத்தம் 16 விதமா விழும். அதுல 3 விழற வழி 4, 2க்கும் 4க்கும் மும்மூணு வழி, 1க்கும் 5க்கும் ரெவ்வெண்டு, 6க்கும் 12க்கும் ஒவ்வொன்னு. தாயம் விழற வாய்ப்பு எட்டுல ஒன்னு, அதனால அரை மணி நேரமா காய் இறங்கலன்னு கட்டையைத் திட்டாதீங்க. இந்தக் கணக்குக்கு உபயோகம் என்னன்னா, எதிராளி காய் உங்களுக்குப் பின்னாடி 2, 3, 4 கட்டம் தள்ளி இருந்தா அதுதான் பெரிய ஆபத்து, 6 கட்டம் தள்ளி இருந்தா ஓரளவு மூச்சு விடலாம், நேரா 6 விழணும், இல்லன்னா மறு ஆட்டம் கிடைச்சு சேர்ந்து வரணும். குறுக்குக் கோடு போட்ட கட்டத்துல இருந்தா வெட்டு இல்ல. அதே மாதிரி, ஒரு காயை மட்டும் பழமாக்க (அதாவது சுத்தி முடிச்சு நடுக் கட்டத்துல சேர்க்க) ஓட்டாதீங்க, ரெண்டு மூணு காய் வெளிய இருந்தாத்தான் விழற எண்ணுக்கு ஏத்த மாதிரி எதை நகர்த்தலாம்னு தேர்வு இருக்கும். எதிராளி காய் ஒன்னையாவது வெட்டினாத்தான் உள் சுத்துக்குப் போகலாம்ங்கற ரூல் நிறைய வீட்டுல உண்டு, அப்படின்னா முதல் வெட்டுக்காகக் கொஞ்சம் ரிஸ்க் எடுத்தே ஆகணும்.

ரம்மி

13 சீட்டு ரம்மியைத்தான் சொல்றேன், வீட்ல உக்காந்து ஆடறது. ஆன்லைன்ல காசு கட்டி ஆடறதை 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல வந்த சட்டமே தடை பண்ணிடுச்சு, அதுக்கு முன்னாடி அதுல குடும்பம் தொலைச்சவங்க கதை உங்களுக்கே தெரியும். சுப்ரீம் கோர்ட் 1967ல ரம்மியை முக்கியமா திறமை ஆட்டம்னு சொன்னது வாஸ்தவம்தான், ஆனா அந்தத் திறமையைக் காட்ட புளியங்கொட்டையை வச்சு ஆடினாலும் போதும்.

ரெண்டு கட்டு சீட்டு, கூட அச்சடிச்ச ஜோக்கர் 2, மொத்தம் 106. கட்டை வெட்டி எடுக்கற ஜோக்கர் வேற. ஜோக்கரை எந்த சீட்டுக்குப் பதிலாவும் வச்சுக்கலாம். ஜெயிக்கக் குறைஞ்சது ரெண்டு வரிசை (ஒரே சின்னத்துல அடுத்தடுத்து வர்ற மூணு சீட்டோ அதுக்கு மேலயோ) வேணும், அதுல ஒன்னு ஜோக்கர் கலக்காத ஒரிஜினலா இருக்கணும். ஒரிஜினல் இல்லாம மாட்டினா கையில இருக்கற எல்லா சீட்டுக்கும் பாயிண்ட் ஏறும், 80 வரைக்கும் போகும். அதனால சீட்டு கையில வந்ததும் கலர் வாரியா அடுக்கி, முதல் கவலை ஒரிஜினலா இருக்கட்டும்.

எந்த சீட்டை வச்சுக்கறதுன்னு குழம்பினா இப்படி யோசிங்க. ஆர்ட்டின் 6, 7 கையில இருந்தா 5 வந்தாலும் சரி 8 வந்தாலும் சரி, ஒவ்வொன்னும் ரெண்டு கட்டுல ரெண்டு, ஆக 4 சீட்டு உங்களுக்கு உதவும். 6, 8 வச்சிருந்தா 7 ஒன்னுதான், 2 சீட்டு. அந்த ரெண்டும் கீழ விழுந்ததைக் கண்ணால பாத்துட்டும் 6, 8ஐக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறவங்களை ஒவ்வொரு ஆட்டத்துலயும் பாக்கலாம். கீழ விழற எல்லா சீட்டையும் ஞாபகம் வச்சுக்க வேணாம். உங்களுக்கு வேண்டிய நாலஞ்சு சீட்டு எத்தனை போச்சுன்னு மட்டும் எண்ணுங்க, அதுவே ஆரம்பத்துக்கு ஜாஸ்தி.

ராஜா, ராணி, ஆஸ் எல்லாம் பாக்க அழகு, ஆனா ஒவ்வொன்னும் 10 பாயிண்ட். ராஜா ரெண்டே விதமாத்தான் மூணு சீட்டு வரிசையில சேரும், 7 மூணு விதமா சேரும். ஜோடி இல்லாத பெரிய சீட்டை முதல் ரெண்டு மூணு சுத்துலயே இறக்கிடுங்க. எதை இறக்கினா அடுத்தவர் எடுக்க மாட்டார்னா, ஜோக்கருக்குப் பக்கத்து சீட்டு. கிளாவர் 7 ஜோக்கர்னு வச்சுக்கோங்க, 7 கிடைச்சவங்க அதை ஜோக்கராத்தான் வச்சுக்குவாங்க, வரிசையில போட மனசு வராது, அதனால கிளாவர் 6, 8 ரெண்டுக்கும் மவுசு குறைவு. உங்க கையில அது தனியா இருந்தா தைரியமா போடலாம்.

கடைசியா டிராப், அதாவது அந்த ஆட்டத்தை ஆடாம சீட்டைக் கவுத்துட்டு விலகறது. சீட்டு எடுக்காம முதல்லயே கவுத்தா 20, நடுவுல கவுத்தா 40. கையில ஜோக்கர் இல்ல, ஒரிஜினலும் இல்ல, 6, 7 மாதிரி ரெண்டு பக்கமும் திறந்த ஜோடி ஒன்னு கூட இல்லன்னா 20ஐக் கொடுத்துட்டு டீ போடப் போயிடுங்க. ஜோக்கர் ஒன்னும் திறந்த ஜோடி ரெண்டும் இருந்தா ஆடுங்க. நடு டிராப் மட்டும் அபூர்வமா செய்யுங்க, அஞ்சாறு சுத்து ஆயும் ஒரிஜினல் அமையல, எதிராளி கீழேர்ந்து சீட்டு எடுக்கறதை நிறுத்திட்டு தன் கையையே பாத்துட்டு இருக்கார்னா அப்ப கவுத்துடலாம், அவருக்கு இன்னும் ஒரு சீட்டுதான் வேணும்.